பயத்தையும் எழுதிவைத்த பாரதி

செப்டம்பர் வந்தாலும் டிசம்பர் வந்தாலும் நம் தமிழ்ப்பள்ளி மேடைகளில் பாரதி வந்துவிடுவார். கறுப்பு மையால் மீசை வரைந்து, அப்பாவின் வேட்டியைக் கிழித்துத் தலைப்பாகை கட்டி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் அந்த ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். அச்சம் என்றால் என்னவென்றே தெரியாத பாரதி அவர். நமக்குப் பழக்கமான பாரதியும் அவர்தான்.

அதே பாரதிக்குத் தூக்கம் வராத இரவுகள் இருந்தன. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நடுங்கினார். கடன்காரர் வாசலில் நின்றபோது கலங்கினார். தனிமையில் தவித்தார். இவற்றை அவர் மறைக்கவில்லை, எழுதிவைத்தார். வீரப் பாடல்களை எழுதிய அதே கைதான் தன் பயத்தையும் சஞ்சலத்தையும் தேதி போட்டு எழுதியது. அந்தப் பாரதியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அவரைப் பற்றிப் பேசுவோம்.

தாயில்லாப் பிள்ளை

சுப்பிரமணியன் என்ற சுப்பையா 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமி ஐயர், தாயார் இலட்சுமி அம்மாள். ஐந்து வயதில் தாயை இழந்தார். அந்த ஏக்கம் அவரை விடவே இல்லை. பின்னாளில் அவர் தெய்வத்தையும் நாட்டையும் மொழியையும் தாய் என்றே அழைத்ததற்கு இந்த இழப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

தந்தை கணக்கிலும் இயந்திரத்திலும் ஆர்வம் உள்ளவர். மகன் ஆங்கிலம் படித்து முன்னேற வேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ கணக்கு கசந்தது, கவிதை இனித்தது. பதினொரு வயதில் எட்டயபுரம் அரசவையில் பாடி, பாரதி என்ற பட்டத்தைப் பெற்றார். பிறகு திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படிக்க அனுப்பப்பட்டார். 1897இல் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பதினான்கு வயது, மணப்பெண் செல்லம்மாளுக்கு ஏழு வயது.

மறு ஆண்டே இடி விழுந்தது. எட்டயபுரத்தில் பஞ்சாலை தொடங்கிய தந்தை நட்டப்பட்டு, மனம் உடைந்து 1898இல் காலமானார். வசதியாக இருந்த வீடு கண்ணெதிரே சரிந்தது. பதினைந்து வயதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, கையில் காசும் இல்லை. அத்தை குப்பம்மாளின் அழைப்பை ஏற்றுக் காசிக்குப் போனார். அங்கே வடமொழியும் இந்தியும் கற்றார், தேர்வில் நன்றாகத் தேறினார். தலைப்பாகையும் மீசையும் அங்கேதான் வந்தன.

அச்சில் வந்த முதல் கவிதை

காசியிலிருந்து எட்டயபுரம் திரும்பி அரண்மனையில் வேலை பார்த்தார். ஜமீன்தாருக்குப் பேச்சுத் துணை, படித்துக் காட்டும் வேலை. அந்த வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை.

1904ஆம் ஆண்டு ஜூலையில் மதுரையிலிருந்து வந்த விவேகபாநு இதழில் அவருடைய கவிதை ஒன்று வெளியானது. அச்சில் வந்த அவருடைய முதல் கவிதை இதுவே என்று ஆய்வாளர்கள் சொல்கின்றனர். அது நாட்டைப் பற்றியதோ தமிழைப் பற்றியதோ அல்ல. அதன் தலைப்பு 'தனிமை இரக்கம்'. பிரிந்துபோன அன்பை எண்ணி, சேர்ந்திருந்த இனிய நாட்களை நினைத்து ஏங்கும் பாட்டு அது. நடை கடினமானது, பழைய புலவர்களின் வாசனை அடிக்கும். ஆனாலும் பொருள் தெளிவாக இருக்கிறது. இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர், தான் தனியாக இருப்பதையும் அது வலிப்பதையும் ஊரறியச் சொல்கிறார்.

நமக்கு மகாகவியாக அறிமுகமானவர், தமிழ் வாசகர்களுக்கு முதலில் அறிமுகமானது ஒரு தனிமைத் துயரத்தோடுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அதே ஆண்டு மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். பிறகு ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் நாளிதழில் சேரச் சென்னைக்குப் போனார். அங்கே அரசியல் அவரைப் பற்றிக்கொண்டது. 'இந்தியா' வார இதழில் அனல் பறக்க எழுதினார். 1908இல் அந்த இதழின் சட்டப்படியான ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அடுத்தது தான்தான் என்ற நிலையில், நண்பர்களின் வற்புறுத்தலால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். போனவர் பத்து ஆண்டுகள் திரும்பவில்லை.

காதலையும் தோல்வியையும் சொன்ன 'கனவு'

புதுச்சேரி பாதுகாப்பான ஊர். ஆனால் கூண்டு போன்ற ஊர். வீட்டைச் சுற்றி ஒற்றர்கள் திரிந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையத் தடை வந்ததால் 1910இல் 'இந்தியா' நின்றுபோனது. வருமானம் நின்றது. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், வாடகை, மளிகைக் கடன் எல்லாம் மிஞ்சின.

அந்த 1910இல்தான் 'கனவு' என்ற தலைப்பில் தன் வாழ்க்கையைப் பாட்டாக எழுதி வெளியிட்டார். தமிழில் ஒருவர் தன் கதையைத் தானே கவிதையில் சொன்ன நூல்களில் முன்னோடி இது. இதில் அவர் தன் சாதனைகளை அடுக்கவில்லை. சிறுவயதில் ஒரு சிறுமியின் மீது கொண்ட அன்பைச் சொல்கிறார். அந்த அன்பு கைகூடாமல் போனதைச் சொல்கிறார். பிடிக்காத ஆங்கிலப் படிப்பு தன்னை வாட்டியதையும், அதற்காகத் தந்தையின் பணம் கரைந்ததையும் சொல்கிறார். தந்தை வறுமையில் விழுந்ததைச் சொல்கிறார். பணம் போனதும் சுற்றம் விலகியதைச் சொல்கிறார்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத் தலைவர் இதையெல்லாம் அச்சில் போட்டார் என்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அப்பா கடன்பட்டதைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைத்தவர்கள் நாம். பாரதி அதைப் பாட்டாக்கினார். தந்தையைப் பழிக்கவில்லை, தன்னையும் மன்னித்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னார், அது எப்படி வலித்தது என்றும் சொன்னார்.

இந்த நூலையும் பிரிட்டிஷ் அரசு 1911இல் தடை செய்தது.

மனத்தைக் கூப்பிட்டுப் பேசியவர்

நமக்கு மனம் சரியில்லை என்றால் பொதுவாக ஒரே ஒரு சொல்தான் வைத்திருக்கிறோம். 'ஒரு மாதிரியா இருக்கு' என்போம். அதற்குள் கோபமா, பயமா, வெட்கமா, களைப்பா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பாரதி பிரித்துப் பார்த்தார்.

'மனப்பெண்' என்ற பாடலில் தன் மனத்தையே எதிரில் ஒரு பெண்ணாக உட்கார வைத்துப் பேசுகிறார். அந்த மனம் செய்யும் சேட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுகிறார். ஒன்றைப் பிடித்தால் அதையே சுற்றிச் சுற்றி வரும். நல்லதைப் பிடி என்றால் கை தளரும். விடு என்று சொன்னதில்தான் போய் விழும். புதியதுக்கு ஆசைப்படும், அதே புதியதைக் கண்டு பயப்படும். பழையதை விட முடியாது, பழையதே மிஞ்சியது என்று புலம்பவும் செய்யும். சாவு, அழுகல், பயம் போன்றவற்றைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

படிக்கும்போது நம் மனத்தைத்தான் பார்த்து எழுதினாரோ என்று தோன்றும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, முடிந்துபோன ஒரு சண்டையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. இவ்வளவு குறை சொன்ன பிறகும் அவர் மனத்தை விரட்டிவிடவில்லை. பாட்டின் பிற்பகுதியில் குரல் கனிந்துவிடுகிறது. என்னிடம் மாறாத அன்பு வைத்து என் உயிரைக் காத்து வருவதும் நீதானே என்று அதனிடம் பரிவு காட்டுகிறார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறார். அடங்காத பிள்ளையைத் திட்டிவிட்டு, பிறகு பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு ஊட்டும் பெற்றவரைப் போல இருக்கிறது அது.

1915ஆம் ஆண்டு ஜூலை

அவருடைய பயம் வெளிப்படையாகத் தெரியும் எழுத்து ஒன்று உண்டு. 'சித்தக்கடல்' என்பது அதன் பெயர். 1915ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாட்குறிப்புப் போல எழுதியது. பாட்டு அல்ல, உரைநடை. பராசக்தியிடம் நேருக்கு நேர் பேசுவது போல எழுதியிருக்கிறார்.

குழந்தைக்குக் காய்ச்சல் நீண்டு போயிருந்தது. அவரும் செல்லம்மாளும் இரவு பகலாகத் துடித்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. எப்போதும் பயம். அதை அப்படியே எழுதுகிறார். உனக்குக் காது கேட்கவில்லையா என்று தெய்வத்திடம் சண்டை போடுகிறார். வீட்டுச் செலவும் கடன்காரர்களும் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தால் உன்னைப் பற்றிய பாட்டு எங்கிருந்து வரும் என்ற தொனியில் முறையிடுகிறார். இன்னொரு பக்கம், கவலையும் பயமும் தன் பகைவர்கள் என்று சொல்லித் தனக்குத் தானே தைரியம் ஊட்டிக்கொள்கிறார். ஓரிடத்தில் உறுதி, அடுத்த இடத்தில் தளர்ச்சி, மறுபடியும் உறுதி. மனம் உண்மையில் அப்படித்தான் ஏறி இறங்குகிறது.

இதைப் படித்த பிறகு அவருடைய வீரப் பாடல்கள் வேறு மாதிரி கேட்கின்றன. பயம் அறியாதவர் பயமில்லை என்று பாடினால் அது வெறும் முழக்கம். பயத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர் பாடினால் அது மருந்து. அந்தப் பாடல்களை அவர் முதலில் தனக்கே பாடிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

தன் துன்பத்தைச் சிரித்துச் சொல்லவும் அவருக்குத் தெரியும். முடிக்காமல் விட்ட 'சின்னச் சங்கரன் கதை'யில் எட்டயபுரத்து இளமைக் காலத்தையும் ஜமீன் சபையின் கூத்துகளையும் தன்னையும் சேர்த்தே கேலி செய்கிறார். அழ வேண்டிய இடத்தில் அழுதார், சிரிக்க முடிந்த இடத்தில் சிரித்தார்.

கடல் கடந்தவர்களின் அழுகை

தன் வலியைச் சொல்லத் தெரிந்தவருக்குப் பிறர் வலியும் கேட்கும். 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாடல் அதற்குச் சாட்சி. ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜித் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்களின் நிலையைப் பற்றியது அது. பாரதி பிஜியைப் பார்த்ததில்லை. பத்திரிகைக்காரராக அவருக்குச் செய்திதான் வந்தது. ஆனால் பாட்டில் செய்தி இல்லை, அழுகை இருக்கிறது. அந்தப் பெண்கள் ஊரை நினைத்து விம்முவதைக் கேட்டாயா என்று காற்றிடம் விசாரிக்கிறார். ஒரு பெண்ணுக்கு அங்கே மானத்தோடு வாழக்கூட வழியில்லையே என்று கொதிக்கிறார்.

நாம் இந்தப் பாட்டைத் தூரத்துக் கதையாகக் கேட்க முடியாது. பிஜியில் கரும்பு என்றால் மலாயாவில் காப்பியும் கரும்பும், பிறகு கித்தா மரமும். இங்கும் 1910 வரை ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. அதன் பிறகும் கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் பால்மரம் சீவி, லயத்து வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்த நம் பாட்டிகள் எத்தனை பேர் தங்கள் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள்? ஒப்பாரியிலும் தாலாட்டிலும் கொஞ்சம் சொன்னார்கள். மற்றதெல்லாம் அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டது. அப்படிப்பட்டவர்களின் விம்மலைக் காது கொடுத்துக் கேட்டு எழுத ஒரு கவிஞர் இருந்தார் என்பது சின்ன விஷயமல்ல.

சிறை, கடையம், சென்னை

1918 நவம்பரில் புதுச்சேரி வாழ்க்கை போதும் என்று எல்லை தாண்டினார். கடலூர் அருகே 20ஆம் தேதி கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14 வரை சிறை. பிறகு நிபந்தனைகளோடு விடுதலை. செல்லம்மாளின் ஊரான கடையத்தில் குடியேறினார். 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு உதவி கேட்டுக் கவிதையில் கடிதம் எழுதினார். உதவி வரவில்லை.

1920இல் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதிகள் அச்சிட வேண்டும் என்று திட்டமிட்டார். கடனாகப் பணம் தந்து உதவுங்கள் என்று நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. நாட்டு மக்கள் தம் நூல்களைத் தீப்பெட்டி போலச் சாதாரணமாக வாங்குவார்கள் என்று நம்பிய மனிதர் அவர். அந்த ஏமாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் சென்னை திரும்பி மறுபடியும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். 1921ஆம் ஆண்டில் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. நண்பர் குவளைக்கண்ணன் காப்பாற்றினார். காயம் ஆறி வேலைக்கும் போனார், ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசியும் வந்தார். பிறகு வயிற்றுக்கடுப்பு வந்தது. வறுமையும் போதைப் பழக்கமும் ஏற்கெனவே அரித்திருந்த உடம்பு தாங்கவில்லை. செப்டம்பர் 11 இரவு, தேதி 12ஆக மாறிய பின்னிரவில் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தெட்டு. ஆப்கானிஸ்தான் அமீர் அமானுல்லா கான் பற்றிய கட்டுரையை விடிந்ததும் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அன்றிரவும் சொல்லிக்கொண்டிருந்ததாக உடனிருந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள்.

அவரைக் காக்க வைத்தது எது?

எழுதியதால் பாரதியின் கடன் தீரவில்லை. பாட்டால் அரிசி வரவில்லை. எல்லாப் பழக்கத்திலிருந்தும் அவரை எழுத்து மீட்டுவிடவும் இல்லை. உண்மையை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் இத்தனை அடி வாங்கிய மனிதர் கசந்துபோகவில்லை. தாய், தந்தை, சொத்து, ஊர், பத்திரிகை என்று ஒவ்வொன்றாக இழந்தவர் கடைசி இரவிலும் மறுநாள் வேலையைப் பற்றிப் பேசுகிறார். உள்ளே தேங்கியதை அவ்வப்போது வெளியே சொல்லிவிட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று நம்புகிறேன். தனிமை வந்தால் தனிமை என்றார். பயம் வந்தால் பயம் என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் அவை இருட்டில் பேய்போல நிற்காமல் எதிரில் வந்து நின்றன.

நம் வீடுகளில் பேசாமல் இருப்பதுதான் ஆண்மை என்று நினைக்கும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்து, பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். தேர்வு மதிப்பெண் குறைந்ததைச் சொல்லப் பயந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்லப்படாத துன்பம் சில நேரம் மதுப் புட்டியில் போய் முடிகிறது, சில நேரம் மனைவி மீது கையாக விழுகிறது, சில நேரம் உயிரையே எடுத்துவிடுகிறது.

எல்லோரும் கவிஞராக வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் மீந்த நாலு பக்கம் போதும். தேதி போட்டு, இன்று எனக்கு என்ன செய்கிறது என்று இரண்டு வரி எழுதலாம். எழுத வராதவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். பாரம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் மருத்துவரிடம் சொல்வதில் வெட்கமே இல்லை; காய்ச்சலுக்குப் போவதுபோலத்தான் அதுவும்.

அடுத்த முறை பள்ளி மேடையில் மீசை வரைந்த அந்தக் குட்டிப் பாரதி வந்து நிற்கும்போது நன்றாகக் கைதட்டுங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், மேடைக்குப் போகும் முன் பயமாக இருந்ததா என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால், பாரதிக்கும் பயம் இருந்தது, அவர் அதை எழுதிவைத்தார் என்று சொல்லிக் கொடுங்கள்.